வெளியே பூஜ்யம்

காலை ஏழு நாற்பதுக்குச் சின்னவளின் இடது செருப்பு கழன்று நடைபாதையிலேயே நின்றுவிட்டது. சின்னவள் நிற்கவில்லை. பேசிக்கொண்டே பதினைந்து அடி போய்விட்டாள்.

பின்னால் வந்த பெரியவள் குனிந்து செருப்பை எடுத்தாள்.

"ஏய், ஒத்தச் செருப்போட எங்கடி போற?"

சின்னவள் கீழே பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள்.

"எப்பக் கழண்டுது?"

"என்னைக் கேளு."

"வார் தளர்ந்துபோச்சு போலக்கா."

பெரியவள் வாரை இழுத்துப் பார்த்தாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. செருப்பைத் தங்கையின் காலில் மாட்டிவிட்டாள். எட்டு மணிக்கு விசில் அடித்துவிடுவார்கள்.

இருவருக்கும் ஷூ கம்பெனியில் ஒட்டுப் பிரிவில் வேலை. தூரிகையால் அடிப்பாகத்தில் ஒரு இழுப்பு, மேல்பாகத்தில் ஒரு இழுப்பு பசை தடவி, ஷூவுக்கு வடிவம் தரும் அச்சுக் காலில் மாட்டி, அழுத்தி, அடுத்தவளிடம் தள்ள வேண்டும். ஒட்டறை என்று எல்லோரும் சொல்லும் அந்த நீள அறையில் முப்பத்திரண்டு பெண்கள். தூசிக்கும் பசைக்கும் ஆகாது என்பதால் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் ஜோடி ஷூ வெளியே போகிற அறையில் ஒரு காலிலும் ஒன்றும் கிடையாது.

பசை இனிப்பாக வாசமடிக்கும். முதல் வாரம் தலை சுற்றும். இரண்டாம் மாதம் வாசம் தெரியாது. மூன்றாம் வருடம் விரல் நுனி தெரியாது. சின்னவளுக்கு இது நான்காம் வருடம்.

அறையில் ஆறு ஜன்னல்கள் இருந்தன. ஆறையும் திருகாணி போட்டு முடுக்கி, ஓரத்தில் ரப்பர் வைத்து அடைத்து, ஒவ்வொன்றிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். 'இந்த ஆலையிலிருந்து காற்றில் எதுவும் கலப்பதில்லை.' அது பொய்யில்லை. எல்லாம் உள்ளேயே இருந்தது.

ஷூக்களை வாங்குவது கடல் தாண்டிய ஒரு கம்பெனி. அவர்கள் நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. கடைக்கு வரும் பொருள் எங்கிருந்து வருகிறது, வரும் வழியில் மனிதர்களுக்கோ மண்ணுக்கோ தீங்கு செய்கிறதா என்று கம்பெனிக்காரர்கள் பார்க்க வேண்டும் என்றது சட்டம். பார்த்தார்கள். பார்ப்பதற்கு ஆள் வைத்தார்கள். அந்த ஆள் பார்க்கிறாரா என்று பார்க்க இன்னொரு ஆள் வைத்தார்கள். முதலில் வந்தவர், ஒட்டறை ஜன்னல் வழியாகப் பசை ஆவி வெளியே போவதைக் கண்டுபிடித்தார். ஆவியை உறிஞ்சி வடிகட்டும் இயந்திரம் வைக்கலாம் என்று கொஞ்ச நாள் பேச்சிருந்தது. பிறகு திருகாணியே போதும் என்று முடிவாயிற்று.

வெளிச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே, சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. காற்றை அளக்கும் கருவி. அது தினமும் பூஜ்யம் காட்டியது. காவல்காரர் காலையும் மாலையும் அதைப் படமெடுத்து அனுப்பினார். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ அதைப் பார்த்து நிம்மதியடைந்தார்கள்.

ஆனால் ஒட்டறைப் பெண்களிடம் ஒரு ஓட்டை இருந்தது. பின்சுவரில், அச்சுக் கால்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால், எப்போதோ குழாயைப் பிடுங்கிய இடம் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து கிடந்தது. அதில் ஒரு துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் துணியை உருவி, ஆளுக்குப் பத்து மூச்சு. எண்ணுவதற்கு அறையிலேயே மூத்தவள் இருந்தாள். அவள் பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் பத்து என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து கையில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாயால் எண்ணுவாள். யாருக்கும் பதினொன்று தரமாட்டாள். தனக்கும்.

"ஒம்போது... பத்து. நகருடி. மூக்கை அங்கயே வச்சுட்டுப் போயிடாத."

செருப்பு கழன்றதற்கு மறுநாள் பெரியவள் தங்கையை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். டாக்டர் முழங்காலைத் தட்டினார். உள்ளங்காலில் ஏதோ கீறினார். எங்கே வேலை என்று கேட்டார்.

"அந்த அறையை விட்டு வந்தா ஆறு மாசத்துல உணர்ச்சி திரும்ப வாய்ப்பிருக்கு. நல்ல காத்து வேணும்."

"வரலைன்னா சார்?"

"கால் இருக்கும். இருக்கறது தெரியாது."

வெளியே வந்ததும் சின்னவள் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நோய்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதக்கா. வேலைக்கு ஆகாதுன்னு அனுப்பிடுவாங்க."

"நான் என்ன பைத்தியமா?"

பெரியவள் மேற்பார்வையாளரிடம் போனாள். கழுத்தில் தொங்குவதை வைத்து அவருக்கு விசில் என்று பெயர்.

"சார், சின்னவளைப் பேக்கிங்குக்கு மாத்துங்களேன்."

"பேக்கிங் நிரம்பி வழியுதும்மா. அங்க இருக்கற எல்லாரும் ஒட்டறையிலிருந்து போனவங்கதான். விரல் மரத்தவங்க போக மிச்ச இடம் இருந்தா சொல்றேன்."

"அப்ப ஒரு ஜன்னலையாவது திறந்து விடுங்க. ஒண்ணே ஒண்ணு."

விசில் ஜன்னலைப் பார்த்தார். தன் சொத்தைக் கேட்டதுபோல் அல்ல, தன் கையில் இல்லாத ஒன்றைக் கேட்டதுபோல்.

"அது கம்பெனி ஜன்னல் இல்லம்மா இப்போ. ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. கிழிஞ்சா ஆர்டர் போயிடும். புகார்ப் படிவம் இருக்கே, எழுதிப் போடு. உங்களுக்காகத்தானே அச்சடிச்சு வந்திருக்கு."

படிவத்தில் நாற்பது கட்டங்கள் இருந்தன. ஒரு பக்கம் மனிதர், ஒரு பக்கம் சுற்றுச்சூழல். அடிமை வேலை, மதம், நிலம் பறிப்பு, நதி, காடு, அழிந்துவரும் விலங்கு. ஒரு புகாருக்கு ஒரு கட்டத்தில்தான் டிக் போட வேண்டும். இரண்டு போட்டால் செல்லாது. 'உடல்நலம்' என்ற கட்டமும் இருந்தது. அதன் பக்கத்தில் நோயாளியின் பெயரும் நோயின் பெயரும் எழுதக் கோடு போட்டிருந்தார்கள்.

பெரியவள் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எதிர்ப் பக்கம் போனாள். அங்கே 'காற்று' என்று ஒரு கட்டம். பெயர் கேட்காத கட்டம். டாக்டரும் காற்றைத்தானே சொன்னார். டிக் போட்டாள்.

ஒன்பதாம் நாள் காற்று அதிகாரி வந்தார். முகம் முழுக்க மூடும் கவசம், முதுகில் பை. புகாரைக் கையில் வைத்திருந்தார். காற்றைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது என்றால் காற்றில் ஏதோ கலக்கிறது என்று பொருள். முதலில் வெளிப் பெட்டியைப் பார்த்தார். பூஜ்யம். முகம் சுளித்தார். பிறகு உள்ளே வந்தார்.

"சார்," என்றாள் பெரியவள். "இங்க உள்ள ஒருதரம் அளந்து பாருங்க சார்."

அவர் கவசத்துக்குள்ளிருந்து பேசினார். குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது.

"உள்ளே அளக்கறது என் வேலை இல்லம்மா. நான் சுற்றுச்சூழல். சுற்றுச்சூழல்னா சுவருக்கு அந்தப் பக்கம்."

"நாங்க சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கோமே சார்."

"அதான் சொல்றேன். நீங்க அதுல வரமாட்டீங்க."

பையிலிருந்து நெருப்பில்லாமல் புகை விடும் ஒரு சின்னக் குழாயை எடுத்தார். அழுத்தினார். வெள்ளைப் புகை கொஞ்சம் தயங்கியது. பிறகு, தினமும் போய்வந்த வழி போல, அலமாரிக்குப் பின்னால் போயிற்று.

முப்பத்திரண்டு தூரிகைகளும் நின்றன.

அதிகாரி அலமாரியை நகர்த்தச் சொன்னார். துணியை உருவினார். உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. அவர் கவசத்தைக் கழற்றி, குனிந்து, ஓட்டை வழியாக வெளியே பார்த்தார். சாக்கடையும் ஒரு செடியும் தெரிந்தன.

"எவ்வளவு காலமா அந்தச் செடி இதைச் சுவாசிச்சுக்கிட்டிருக்கு?" என்றார். ஓட்டைக்குள் கையை நீட்டி அதன் இலையைத் தொடப் பார்த்தார்.

மதியத்துக்குள் ஓட்டையில் சிமெண்ட் பூசியாயிற்று. கதவின் அடியிலும் ரப்பர் பட்டை வைத்தார்கள். ஈரச் சிமெண்டின்மேல் ஏழாவது பச்சை ஸ்டிக்கர் நிற்கவில்லை. காய்ந்ததும் ஒட்டச் சொல்லி விசிலிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது பெரியவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா பூமி பிழைச்சுக்கும்."

அன்று மாலைவரை எல்லோரும் குனிந்து பசை தடவிக்கொண்டிருந்தார்கள். பத்துதான் முதலில் வாயைத் திறந்தாள். பெரியவளைப் பார்த்துப் பேசவில்லை. பசை டப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"பதினோரு வருஷமா வெளிய ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்தோம். ஒரு டிக்குல மூடிட்டா மகராசி."

"நான் நல்லதுக்குத்தான்க்கா போட்டேன்."

"நாங்க கெட்டதுக்கா கேட்டோம்? பத்து மூச்சுத்தானேடி கேட்டோம்."

அதற்கப்புறம் யாரும் அவள் பக்கம் டப்பாவைத் தள்ளவில்லை. அவளே எழுந்து போய் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது படிவத்தில் பெரியவள் மனிதர் பக்கத்துக்குப் போனாள். சின்னவளிடம் சொல்லாமல் உடல்நலத்தில் டிக் போட்டாள். நோயின் பெயர் தெரியாது. 'செருப்பு கழன்றது தெரியவில்லை' என்று எழுதினாள்.

இந்த முறை மனிதர் பக்கத்தைப் பார்க்கும் உரிமை மேடம் வந்தார். மென்மையானவர். ஏசி போட்ட மாநாட்டு அறையில் அக்கா தங்கை இருவரையும் உட்காரவைத்து, முதலில் தண்ணீர் கொடுத்தார்.

"பயப்படாதீங்க. உங்க குரலைக் கேக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இந்தப் பெரிய சங்கிலியில நீங்கதான் முதல் கண்ணி. உங்களை நாங்க எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்கோம்னு உங்களுக்குத் தெரியாது."

"ஜன்னலைத் திறந்தாப் போதும் மேடம்."

"வருவோம். முறைப்படி அதுக்கு வருவோம். உலகத்துல பிரச்சினை கோடிக்கணக்குல இருக்கு. எதை முதல்ல பார்க்கணும்னு எங்களுக்கு மூணு கேள்வி கொடுத்திருக்காங்க. எவ்வளவு கடுமை? எத்தனை பேருக்கு? திரும்பச் சரியாகுமா?"

"கடுமைதான். முப்பத்திரண்டு பேருக்கு."

"படிவத்துல ஒருத்தர்னுதானே இருக்கு?"

"ஒரு கோடுதானே போட்டிருக்கீங்க மேடம்."

உரிமை மேடம் அதைக் குறித்துக்கொண்டார். கோட்டின் நீளம் பற்றிய குறிப்பு நல்ல குறிப்பு என்று பாராட்டினார். "மூணாவது. டாக்டர் என்ன சொன்னார்? சரியாகுமா?"

பெரியவள் நேர்மையாகச் சொன்னாள். "அந்த அறையை விட்டா சரியாக வாய்ப்பிருக்குன்னார்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "அப்பாடா. அப்ப இது மீளக்கூடியது. மீளக்கூடியதெல்லாம் வரிசையில பின்னால போயிடும்."

"முன்னால எப்ப வரும்?"

"மீளாம போனா."

"மீளாம போனதுக்கப்புறம் என்ன செய்வீங்க?"

"மீளாததுக்கு யார் என்னம்மா செய்ய முடியும்?" என்றார் உரிமை மேடம், மிக மென்மையாக. "வருத்தம் தெரிவிப்போம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு."

ஆனாலும் அவர் மனச்சாட்சி உள்ளவர். சும்மா போக மனமில்லை. கம்பெனி நர்ஸைக் கூப்பிட்டுச் சின்னவளின் காலைச் சோதிக்கச் சொன்னார். சின்னவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நர்ஸ் பஞ்சால் பத்து முறை தொடுவார். இடதா வலதா என்று சொல்ல வேண்டும்.

"இடது," என்றாள் சின்னவள். "வலது. வலது. இடது."

பத்தில் ஆறு சரி.

"பாதிக்கு மேல!" உரிமை மேடம் கைதட்டினார். "எனக்கே இவ்வளவு வராது."

மாடிப்படி இறங்கும்போது பெரியவள் தங்கையை நிறுத்தினாள். "பஞ்சு பட்டது நிஜமாவே தெரிஞ்சுதா?"

"ம்ஹூம்."

"பின்ன எப்படிடி?"

"நர்ஸம்மா ரெண்டு கையிலயும் வளையல் போட்டிருந்தாங்க. எந்தப் பக்கம் சத்தம் வந்துதோ அந்தக் கால்." சின்னவள் சிரித்தாள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நாலு தப்பாச்சே."

"நாலு தடவை வளையல் கேக்கலைக்கா. ஏசி சத்தம்."

பெரியவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தங்கையை அறையவேண்டும்போல் இருந்தது. அணைத்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. "பிடிச்சுக்கிட்டு இறங்கு," என்றாள். "படியைப் பார்த்து."

ஒரு மாதம் கழித்து விழா வந்தது. இரண்டு புகார்கள், இரண்டும் முடித்துவைக்கப்பட்டவை. ஓர் ஆலைக்கு இது அபூர்வம். புகாரே வராத ஆலைகளில் தொழிலாளிக்குக் குரல் இல்லை என்று பொருளாம். புகார் வந்து முடியாத ஆலையில் நிர்வாகத்துக்குக் காது இல்லையாம். இங்கே இரண்டும் இருக்கிறது. அதனால் கடல் தாண்டிய கம்பெனியிலிருந்தே இருவர் வந்தார்கள்.

விழாவை ஒட்டறையில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். படத்தில் பச்சை ஸ்டிக்கர்கள் தெரிய வேண்டும். விருந்தினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கவசம் கொடுத்தார்கள். பெண்களுக்குக் கொடுக்கவில்லை, முகம் தெரியாவிட்டால் படம் எடுத்து என்ன பயன்? விருந்தினர்கள் கவசத்தின் மேலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். செருப்பு விதி அவர்களுக்கும் விதிதான் என்றாலும், அவர்கள் ஷூவின்மேல் நெகிழி உறை மாட்டிக்கொள்ள அனுமதி இருந்தது.

காற்று அதிகாரி பேசினார். "உலகமே ஏதாவது ஒன்றை வெளியேற்றிக்கொண்டிருக்கிற காலத்தில், எதையும் வெளியே விடாமல் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இந்த முப்பத்திரண்டு சகோதரிகளுக்கு என் வணக்கம்."

உரிமை மேடம் பேசினார். "இவர்கள் கேட்டார்கள். நாங்கள் கேட்டோம். இவர்கள் கேட்டது கிடைத்ததா என்பதல்ல முக்கியம். கேட்கப்பட்டார்கள் என்பதே முக்கியம்."

பெரியவளை அழைத்துக் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டு வரி பேசச் சொன்னார்கள்.

"ஜன்னலைத் திறங்க," என்றாள் பெரியவள்.

மொழிபெயர்ப்பாளர் விருந்தினர்கள் பக்கம் திரும்பி, அவள் நன்றி சொல்கிறாள் என்றார். அவர்கள் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்கள்.

பிறகு விசில் மகிழ்ச்சியான செய்தி ஒன்றை வாசித்தார். ஆலையின் சிறப்பைப் பாராட்டி, ஜன்னல் முத்திரைகள் மேலும் மூன்று வருடங்களுக்கு நீட்டிக்கப்படுகின்றன.

மூன்று வருடம். பெரியவள் வரிசையைப் பார்த்தாள். எல்லோரும் நேராக நின்றிருந்தார்கள். சின்னவள் மட்டும் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான் நிற்பாள். பார்க்காவிட்டால் நிற்கிறோமா சாய்கிறோமா என்று அவளுக்குத் தெரியாது.

பெரியவள் சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். அலமாரியிலிருந்து ஓர் அச்சுக் காலை எடுத்தாள். ஏதோ ஊர்ப் பெண்ணின் அளவுக்கு வார்த்த அலுமினியக் கால். எடை பார்ப்பதுபோல் ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவது ஜன்னலின்மேல் வீசினாள்.

கண்ணாடி உள்ளும் புறமுமாகக் கொட்டியது. கால் வெளியே போயிற்று. காற்று உள்ளே வந்தது.

ஒரு நொடி எல்லோரும் அதை முகத்தில் உணர்ந்தார்கள். பிறகு, பொருத்திய நாளிலிருந்து ஒருமுறைகூட வாய் திறக்காத அந்த வெள்ளைப் பெட்டி, வெளிச்சுவரில் கத்த ஆரம்பித்தது.

அதற்கு ஒரு விதிமுறை இருந்தது. எல்லோரும் அதைச் சரியாகச் செய்தார்கள். விருந்தினர்கள் முதலில் வெளியேறினார்கள், பிறகு அதிகாரிகள், பிறகு மொழிபெயர்ப்பாளர். கடைசியாகப் போன விசில் கதவை வெளியிலிருந்து தாழிட்டார். ஆவி இன்னும் அதிகமாக வெளியேறக் கூடாது.

பெரியவள் கதவுக்கு ஓடினாள். தட்டினாள். "சார்! ஆள் இருக்கோம் சார் உள்ள!"

முற்றத்தில் காற்று அதிகாரியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. "யாரும் வெளியே வர வேண்டாம். வெளிக்காற்று மாசடைந்திருக்கிறது. உங்கள் பாதுகாப்புக்காக உள்ளேயே இருங்கள்."

அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். கதவு கொடுக்கவில்லை. அடியில் வைத்த ரப்பர் பட்டை நன்றாகவே பிடித்திருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் யாரும் அலறவில்லை. பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். பதினோரு வருடப் பழக்கம். பத்து முன்னால் நின்று முறை பிரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டையை மூடியதற்குப் பிறகு முதல்முறையாக அவள் குரலில் பழைய அதட்டல் வந்திருந்தது.

"தள்ளாதீங்கடி. ஓட்டை பெரிசு, எல்லாருக்கும் உண்டு. சின்னவளே, உங்கக்கா உடைச்சது, நீ போ முதல்ல. உனக்கு மட்டும் இன்னிக்குப் பதினொண்ணு."

பெரியவள் கதவைத் தட்டிக்கொண்டே அந்த எண்ணிக்கையைக் கேட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து வரவில்லை.

அவள் திரும்பினாள். சின்னவள் உடைந்த ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். நேராக, கீழே பார்க்காமல், முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு. நெற்றி முடி பறந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் துண்டுகளின் நடுவே அவள் வந்த வழி சிமெண்ட் தரையில் சிவப்பாக, அடி அடியாகத் தெரிந்தது.

எண்ணிக்கை நின்றதை அவளும் கவனித்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, எல்லாரும் என் காலையே பாக்கறீங்க?"